மஸ்கடைன் என்று சொல்லலாம். எந்த ரகம் என்று சொல்ல முடியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஒயின் சுவைத்தறிதலைப் பற்றி அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். வட கரோலினாவில் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக வசித்து, இந்த மண்ணுக்கே உரிய மஸ்கடைன் திராட்சையைத் தோட்டத்திலும் கோப்பையிலும் ஓரளவு பழகி அறிந்தவன் என்ற முறையில், அக்கட்டுரையில் வரும் ஒரு நிகழ்ச்சியைப் பற்றிச் சில விளக்கங்களைக் கூற விரும்புகிறேன். பெயர் மறைத்துச் சுவைக்கும் ஒரு கூட்டத்தில் பங்கேற்ற ஒருவர், கோப்பையை முகர்ந்து ஒரு மிடறு பருகியதுமே "இது மஸ்கடைன் திராட்சை, அதிலும் ஸ்கப்பர்நாங் ரகம்" என்று அறிவித்தார் என்றும், உறையை நீக்கியபோது லேபிளில் 'ஸ்கப்பர்நாங்' என்றே அச்சிட்டிருந்ததால் அரங்கம் கைதட்டி ஆர்ப்பரித்தது என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அந்த விடையின் முதற்பாதிக்குக் கிடைத்த கைதட்டல் முற்றிலும் நியாயமானது. இரண்டாம் பாதி சரியா தவறா என்பதை அந்த லேபிளைக் கொண்டு யாராலும் தீர்மானிக்க முடியாது என்பதே என் வாதம்.

அதற்கு முன் இரண்டு சிறு திருத்தங்கள். சுவைப்பவர் "கண்ணைக் கட்டிக்கொண்டு" சுவைத்ததாகக் கட்டுரை கூறுகிறது. இத்தகைய கூட்டங்களில் மறைக்கப்படுவது பாட்டில்தானே தவிரக் கண் அல்ல. ஒயினின் நிறம், தெளிவு, கோப்பையின் விளிம்பில் அந்த நிறம் வெளிறும் விதம் ஆகியவை சுவைப்பவருக்குக் கிடைக்கும் முதல் சாட்சிகள். மஸ்கடைன் விஷயத்தில் அவை எவ்வளவு பேசும், எவ்வளவு ஏமாற்றும் என்பதைப் பின்னர் கூறுகிறேன். இரண்டாவதாக, கட்டுரையின் ஒரு பத்தி மஸ்கடைனையும் மஸ்கட் திராட்சையையும் ஒன்றாகவே பாவிக்கிறது. பெயரொலி ஒத்திருப்பதைத் தவிர இவ்விரண்டுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. மஸ்கட், ஐரோப்பிய ஒயின்களுக்கெல்லாம் தாயான வைட்டிஸ் வினிஃபெரா இனத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம். பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கில் உருவாகும் மஸ்கடே ஒயினோ 'மெலோன் தெ பூர்கோன்' என்ற வேறொரு வினிஃபெரா ரகத்திலிருந்து பிழியப்படுவது. அதற்கும் மஸ்கட்டுக்கும்கூடத் தொடர்பில்லை. பெயரை நம்பிப் போனால் திராட்சை உலகில் வழி தவறுவது எளிது. இந்தக் கடிதத்தின் பிற்பகுதியும் அப்படி ஒரு பெயரைப் பற்றியதுதான்.

மஸ்கடைன் என்பது வைட்டிஸ் ரொட்டுண்டிஃபோலியா என்ற தனி இனம். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில், டெலவேரிலிருந்து ஃப்ளோரிடா வரையிலும், மேற்கே டெக்சாஸ் வரையிலும் காடுகளில் தானாகப் படர்ந்து வளர்ந்த கொடி இது. வினிஃபெராவுக்கும், கான்கார்ட் திராட்சையைத் தந்த லாப்ரஸ்கா இனத்துக்கும் 38 குரோமோசோம்கள் இருக்க, மஸ்கடைனுக்கு 40 உண்டு. இதன் காரணமாக மற்ற திராட்சைகளுடன் கலந்து இனவிருத்தி செய்வதே பெரும்பாடு. பழங்கள் நெருக்கமான குலையாக அல்லாமல் சில சில காய்களாகத் தொங்கி, ஒவ்வொன்றும் தன் காலத்தில் பழுத்துத் தனித்தனியே உதிரும். தோல் தடித்தது; விரலால் அழுத்தினால் உள்ளிருக்கும் சதை வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். வினிஃபெரா கொடிகளைத் தெற்கின் வெப்பத்திலும் ஈரத்திலும் கொன்றுவிடும் பியர்ஸ் நோயையும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த ஃபிலாக்சீரா பூச்சியையும் இந்தக் கொடி தாங்கி நிற்கிறது. இவற்றை வரிசையாகச் சொல்வதற்குக் காரணம் ஒன்று உண்டு. ஒயினாக மாறிய பிறகும் மஸ்கடைன் தன்னை மறைத்துக்கொள்வதில்லை. உடலமைப்பிலேயே வேறுபட்ட ஒரு பழம் வாசத்திலும் வேறுபட்டுத்தான் இருக்கும். ஆகவே இனத்தைக் கண்டுகொள்வது சாத்தியம். பழகிய மூக்குக்கு அது எளிதும்கூட.

அந்த வாசத்தை எப்படி விவரிப்பது என்பதுதான் சிக்கல். அமெரிக்கத் திராட்சைகளின் வாசத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் 'நரி வாசம்' என்னும் பொருள்படும் சொல் நீண்ட காலமாக வழங்கிவருகிறது. எட்டாத பழத்தைப் புளிக்கும் என்று சொல்லிப் போன நம் கதை நரிக்கும் இதற்கும் தொடர்பில்லை. காட்டு விலங்கின் உடல் வாடையைப் போன்ற ஏதோ ஒன்றைச் சுட்ட எழுந்த இந்தச் சொல், காலப்போக்கில் கான்கார்டுக்கும் மஸ்கடைனுக்கும் வேறுபாடின்றி ஒட்டப்பட்டது. இந்தக் குழப்பத்தால் சுவைப்பவர்களும் தடுமாறுகிறார்கள். கான்கார்டின் அடையாளமான, திராட்சைச் சுவையூட்டிய மிட்டாய்களை நினைவூட்டும் அந்த வாசத்துக்கு முதன்மைக் காரணம் மெத்தில் ஆந்த்ரனிலேட் என்ற சேர்மம். மஸ்கடைனின் வாசத்தில் அதற்கு அப்படியொரு முதலிடம் கிடையாது. மஸ்கடைன் சாற்றைப் பற்றி 1997-இல் வெளியான ஆய்வொன்று, அதன் தனித்தன்மைக்கு இரண்டு சேர்மங்களைச் சுட்டியது: காய்ச்சிய சர்க்கரையையும் பழுத்த ஸ்ட்ராபெரியையும் நினைவூட்டும் ஃபியூரனியோல் ஒன்று, கத்தூரிச் சாயலும் கனத்த பூவாசமும் கலந்த 2-அமினோஅசிட்டோஃபீனோன் மற்றொன்று. நொதித்த பின் இவற்றோடு ரோஜா வாசம் கொண்ட ஃபீனைல் எத்தனால் சேர்ந்துகொள்கிறது. மஸ்கட்டின் வாசமோ முற்றிலும் வேறு வழியில் பிறப்பது. லினலூல், ஜெரானியோல் போன்ற டெர்பீன்களே அதற்கு ஆரஞ்சுப்பூ, ரோஜா ஆகியவற்றின் சாயலைத் தருகின்றன. மஸ்கட்டின் மணம் லேசானது, மேலெழுந்து பரவுவது. மஸ்கடைனின் மணம் கனமானது, கோப்பையின் அடியில் தங்கி, விழுங்கிய பின்னும் மேலண்ணத்தில் நெடுநேரம் நிற்பது. இரண்டையும் அருகருகே வைத்து ஒருமுறை முகர்ந்தவர் மறுமுறை குழம்பமாட்டார்.

ஆனால் இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. மேற்சொன்ன 2-அமினோஅசிட்டோஃபீனோன் மஸ்கடைனுக்கு மட்டும் உரிய சொத்து அல்ல. 1980-களின் இறுதியில் ஜெர்மனியின் வெள்ளை ஒயின்களில் 'இயல்பல்லாத முதுமை' என்று ஒரு குறைபாடு கண்டறியப்பட்டது. ரீஸ்லிங் போன்ற நல்ல ஒயின்கள் அடைத்த சில காலத்திலேயே தம் பழவாசத்தை இழந்து, பாச்சா உருண்டையையும் தரை மெருகெண்ணெயையும் நினைவூட்டும் ஒரு வாடையைப் பெற்றன. அதற்குக் காரணமாகக் கண்டறியப்பட்டது இதே சேர்மம்தான். ஒரே மூலக்கூறு ஓர் இனத்தில் குலவாசமாகவும் மற்றோர் இனத்தில் நோயின் அறிகுறியாகவும் இருப்பதால், அந்த ஒற்றைக் குறிப்பை மட்டும் பற்றிக்கொண்டு 'மஸ்கடைன்' என்று அறிவிப்பவர், கெட்டுப்போன ஒரு ரீஸ்லிங்கிடம் தோற்கக்கூடும். சர்க்கரைப் பாகின் இனிய வாசம் உடன் வருகிறதா, நாக்கின் ஓரங்களில் தடித்த தோலின் துவர்ப்பு தங்குகிறதா என்று பிற சாட்சிகளையும் கேட்டு முடிவெடுப்பவர்தான் உண்மையில் தேர்ந்தவர்.

அமெரிக்கக் குடியரசின் மூன்றாம் தலைவரான தாமஸ் ஜெஃபர்சன் 1817-இல் எழுதிய ஒரு கடிதத்தில், ஸ்கப்பர்நாங் ஒயினின் வாசமும் பளிங்கு போன்ற தெளிவும் ஐரோப்பாவின் மிகச் சிறந்த விருந்து மேசைகளிலும் தனித்து நிற்கத் தக்கவை என்று புகழ்ந்தார். அதே மூச்சில், தாம் கண்ட மாதிரிகளில் பெரும்பாலானவற்றில் அந்த வாசம் பிராந்தியில் மூழ்கிப் போயிருந்ததாக வருந்தவும் செய்தார். இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய அந்த வருத்தம் நம் விவாதத்துக்கு நேரடியாகப் பொருந்துகிறது. கோப்பையில் நாம் முகர்வது பழத்தை மட்டுமல்ல. அதைக் கையாண்டவர் சேர்த்தவற்றையும் சேர்த்துத்தான் முகர்கிறோம். மஸ்கடைன் பழத்தின் சர்க்கரை அளவு பெரும்பாலும் பிரிக்ஸ் அளவுகோலில் 20-ஐ எட்டுவதில்லை என்பதால், போதுமான ஆல்கஹால் கிடைக்கச் சாற்றில் சர்க்கரை சேர்ப்பது இத்தொழிலில் வழக்கம். ஒயின் முடிந்த பிறகும் இனிப்பைக் கூட்டியே பெரும்பாலும் விற்கிறார்கள். அந்த இனிப்பு துவர்ப்பை மூடுகிறது. நன்றாகக் குளிரவைத்துப் பரிமாறும் பழக்கம் வாசத்தை அடக்குகிறது. ரகத்துக்கு ரகம் வேறுபாடு இருந்தாலும் அதைச் சொல்லக்கூடிய நுண்ணிய குறிப்புகளே இவற்றில் முதலில் அமுங்கிப் போகின்றன.

இனி லேபிளுக்கு வருகிறேன். கட்டுரையாளர் கவனிக்கத் தவறியதும், கவனித்திருந்தால் அந்தக் காட்சியையே வேறுவிதமாக எழுதியிருக்கக் கூடியதும் இதுதான். தோட்டக்கலையில் 'ஸ்கப்பர்நாங்' என்பது ஒரு குறிப்பிட்ட ரகத்தின் பெயர். வட கரோலினாவில் ஓடும் ஸ்கப்பர்நாங் ஆற்றின் பெயரைப் பெற்ற, வெண்கல நிறப் பழம் தரும் மிகப் பழைய ரகம் அது. 2001-இல் இம்மாநிலம் அதைத் தன் அதிகாரபூர்வப் பழமாகவும் அறிவித்தது. ஆனால் பேச்சுவழக்கில், வெண்கல நிற மஸ்கடைன் எதுவாயினும் தெற்கத்தியர் அதை 'ஸ்கப்பர்நாங்' என்றே அழைப்பார்கள். இந்தப் பேச்சுவழக்கைச் சட்டமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. மது லேபிள்களை ஒழுங்குபடுத்தும் அமெரிக்க மத்திய அரசின் விதிகளின்படி, ஒயினின் அளவில் குறைந்தது 75 விழுக்காடு வெண்கல நிற மஸ்கடைன் பழங்களிலிருந்து வந்திருந்தால், அந்த ஒயினுக்கு 'ஸ்கப்பர்நாங்' என்று பெயரிடலாம். எந்த வெண்கல ரகம் என்று விதி கேட்பதில்லை. முழுவதும் கார்லோஸ் ரகத்தில் செய்யப்பட்ட ஒயினும், மக்னோலியா ரகத்தில் செய்யப்பட்டதும், இரண்டும் கலந்ததும், பழைய ஸ்கப்பர்நாங் கொடியிலிருந்தே வந்ததும் ஒரே பெயரோடு ஒரே அலமாரியில் நிற்கலாம். அவற்றில் எதுவும் பொய் சொல்லவில்லை. எஞ்சிய 25 விழுக்காட்டைப் பற்றியோ லேபிளின் முகப்பு ஒன்றுமே கூற வேண்டியதில்லை.

அப்படியானால் அந்த அரங்கில் நடந்தது என்ன? சுவைத்தவர் 'ஸ்கப்பர்நாங் ரகம்' என்றார். லேபிளில் இருந்த 'ஸ்கப்பர்நாங்' என்ற சொல்லுக்கோ 'வெண்கல நிற மஸ்கடைன்' என்பதே பொருள். இரண்டு கூற்றுகளுக்கும் எழுத்து ஒன்றாக இருந்ததே தவிரப் பொருள் ஒன்றாக இருந்ததாகத் தெரியவில்லை. வெளிர்ந்த தங்க நிறத்தில் ஒரு மஸ்கடைன் ஒயின் கோப்பையில் இருக்கும்போது, 'ஸ்கப்பர்நாங்' என்று சொல்பவர் நிறத்தைப் பார்த்தே அதைச் சொல்லிவிடலாம். அதற்கு நாக்குத் தேவையில்லை. அவருடைய திறமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவர் உண்மையிலேயே பழைய ரகத்தின் ஒயினை முகர்ந்து அறிந்திருக்கவும் கூடும். அப்படி அறிந்தார் என்பதற்கு அந்த நிகழ்ச்சியில் சான்று எதுவும் தரப்படவில்லை என்பது மட்டுமே என் கூற்று.

தோட்டத்துக்குப் போனால் நிலைமை இன்னும் சிக்கலாகிறது. பழைய ஸ்கப்பர்நாங் கொடியில் பெண் பூக்கள் மட்டுமே பயன்படும் வகையில் மலரும். காய் பிடிக்க வேண்டுமானால் மகரந்தம் தரும் வேறொரு கொடி அருகில் இருந்தே ஆக வேண்டும். முற்காலத்தில் அதற்காகக் காய்க்காத ஆண் கொடிகளை விட்டுவைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் தன்மகரந்தச் சேர்க்கை கொண்ட ரகங்களை இனவிருத்தியாளர்கள் உருவாக்கிய பிறகு, அவற்றையே இடையிடையே நடும் வழக்கம் வந்தது. 1962-இல் வெளியிடப்பட்ட மக்னோலியாவும், 1970-இல் வெளியிடப்பட்ட கார்லோஸும் அத்தகையவை; இரண்டும் வெண்கல நிறப் பழம் தருபவை. பழம் கழன்ற இடம் கிழியாமல் உலர்ந்திருப்பதால் இயந்திர அறுவடைக்கு ஏற்றது என்று கார்லோஸ் பெயர் பெற்றது. இன்று வெள்ளை மஸ்கடைன் ஒயினுக்கு முதன்மையான ரகமாக அதுவே விளங்குகிறது. ஆகவே 'ஸ்கப்பர்நாங் தோட்டம்' என்று ஒருவர் பெருமையோடு காட்டும் இடத்திலும் அடுத்த வரிசையில் கார்லோஸ் நிற்கக்கூடும். அறுவடை இயந்திரம் கொடிக்குக் கொடி பெயர் கேட்டுப் பறிப்பதில்லை.

சிவப்பு ஒயினில் விடை சற்றுத் தெளிவானது; ஆனால் அங்கே நிறம் வேறொரு பொறியை வைக்கிறது. சிவப்பு மஸ்கடைன் ஒயினுக்கு இன்று பெரிதும் பயிரிடப்படுவது நோபிள் என்ற கரும்பழ ரகம். வினிஃபெராவின் சிவப்பு நிறமிகளில் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒரு குளுக்கோஸ் இணைந்திருக்க, மஸ்கடைனின் ஆந்தோசயனின்களில் இரண்டு குளுக்கோஸ் இணைந்திருக்கும். வினிஃபெரா ஒயினின் நிறமிகள் நாளடைவில் துவர்ப்பைத் தரும் டானினோடு பிணைந்து நிலைபெறுவதைப் போல இவை எளிதில் நிலைபெறுவதில்லை. அதனால் சிவப்பு மஸ்கடைன் இளம் வயதிலேயே செங்கல் நிறத்துக்கும் பழுப்புக்கும் மாறத் தொடங்கிவிடுகிறது. விளிம்பில் பழுப்பைக் கண்டதும் 'பத்தாண்டு முதிர்ந்த ஒயின்' என்று கணிக்கப் பழகிய கண், ஈராண்டுகூட நிறையாத நோபிளிடம் ஏமாறும். இதே இரட்டைக் குளுக்கோஸ் நிறமி ஆய்வகத்தில் துப்பறிவாளராகவும் பயன்பட்டிருக்கிறது என்பது ஒரு சுவையான செய்தி: ஐரோப்பிய ஒயினில் அமெரிக்கக் கலப்பினத் திராட்சை சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று அறிய, 1950-களில் பிரான்சில் உருவான சோதனை இந்த நிறமியைத் தேடுவதையே அடிப்படையாகக் கொண்டது. கோப்பையின் அடியில் வெளிர்ந்த மண்டி தென்பட்டால் அதையும் கவனிக்கலாம். மற்ற திராட்சைகளில் அரிதாகவும் மஸ்கடைனில் மிகுதியாகவும் காணப்படும் எல்லாஜிக் அமிலம் பாட்டிலில் படிந்து அப்படி மண்டியாவதுண்டு. இவையெல்லாம் இனத்தைக் காட்டும் சாட்சிகள். கரும்பழ மஸ்கடைன் என்று அறிந்தபின் 'நோபிள்' என்று சொல்வது, பரவலாகப் பயிராவது அது என்பதால் எடுக்கும் நியாயமான ஊகம்; அதை ஊகம் என்றே சொல்ல வேண்டும்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொன்னால், இதை யார் மீதும் உள்ள காழ்ப்பினால் எழுதவில்லை என்பது விளங்கும். சில ஆண்டுகளுக்கு முன், சிறிய ஒயின் ஆலை ஒன்றில், அதன் தயாரிப்பாளர் எனக்கு முன்னால் மூன்று கோப்பைகளை வைத்து, எந்தெந்த ரகம் என்று கேட்டார். மூன்றும் வெள்ளை மஸ்கடைன் என்பதில் எனக்கு ஐயமே எழவில்லை. முதல் கோப்பையில் வாசம் அடங்கியிருக்கக் கண்டு மக்னோலியா என்றேன்; இரண்டாவதைக் கார்லோஸ் என்றேன்; மூன்றாவதில் வாசம் பொங்கி எழக் கண்டு, பழைய ஸ்கப்பர்நாங் கொடியின் கம்பீரம் என்று ஒரு சிறு சொற்பொழிவே நிகழ்த்தினேன். அவர் சிரிக்காமல் பதில் சொன்னார்: முதலும் மூன்றும் ஒரே தொட்டியிலிருந்து ஊற்றப்பட்டவை, முதலாவது குளிர்பெட்டியிலிருந்து அப்போதுதான் வந்தது, மூன்றாவது அரைமணி நேரம் மேசையில் வெப்பம் ஏறியிருந்தது. இரண்டாவது, கார்லோஸும் மக்னோலியாவும் கலந்தது. நான் ரகத்தை முகரவில்லை, வெப்பநிலையை முகர்ந்திருக்கிறேன். அன்றிலிருந்து மஸ்கடைன் கோப்பை எதுவானாலும் முதலில் உள்ளங்கையில் பொத்தி வைத்துச் சூடேற்றிய பிறகே வாய் திறக்கிறேன்.

எதிர்பார்ப்பு மூக்கை எப்படி ஆட்டிவைக்கும் என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. போர்தோவில் நடத்தப்பட்டு 2001-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வொன்றில், வெள்ளை ஒயின் ஒன்றுக்கு மணமற்ற சிவப்புச் சாயம் ஏற்றி 54 பேருக்குக் கொடுத்தபோது, அவர்கள் அதன் வாசத்தைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே விவரித்தார்கள். அவர்கள் ஒயினியல் பயின்றவர்கள், வழிப்போக்கர்கள் அல்லர். நிறம் இத்தனை வலிமையோடு பேசுமானால், 'இந்த ஊரின் புகழ்பெற்ற ரகம் ஸ்கப்பர்நாங்' என்ற முன்னறிவு எவ்வளவு வலிமையோடு பேசும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

வாசத்தின் செறிவை வைத்து ரகத்தின் அளவைக் கணிக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். அதற்கும் வரலாறே எச்சரிக்கை தருகிறது. வட கரோலினாவைச் சேர்ந்த பால் காரெட், 'வர்ஜீனியா டேர்' என்ற பெயரில் விற்ற ஸ்கப்பர்நாங் ஒயின், 1920-இல் நாடு தழுவிய மதுவிலக்கு வருவதற்கு முன் அமெரிக்காவின் மிகப் பிரபலமான ஒயின்களில் ஒன்றாக இருந்தது. தேவை பெருகப் பெருக ஸ்கப்பர்நாங் பழம் போதாமல், கலிஃபோர்னியாவிலிருந்து வரவழைத்த ஒயினை அதில் அதிகம் கலக்க வேண்டியதாயிற்று. சிறிதளவு ஸ்கப்பர்நாங்கே முழுமைக்கும் தன் வாசத்தை ஏற்றிவிடக்கூடியது என்பதால்தான் அந்தக் கலவை செல்லுபடியாயிற்று. வாசம் இருக்கிறது என்பதிலிருந்து எவ்வளவு பழம் இருக்கிறது என்பதை அறிய முடியாது. எந்த ரகப் பழம் என்பது அதைவிடவும் தொலைவானது.

ரகங்களுக்கிடையே வேறுபாடே இல்லை என்று நான் கூறுவதாகக் கொள்ள வேண்டாம். ஒரே தோட்டத்தில், ஒரே ஆண்டில், ஒரே முறையில் தனித்தனியே வடித்த கார்லோஸையும் மக்னோலியாவையும் அருகருகே வைத்தால், தயாரிப்பாளர்கள் அவற்றுக்கிடையே வேறுபாடு காண்கிறார்கள். அவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் ஒப்பிட்டு வேறுபாடு காண்பது ஒரு திறன். ஒற்றைக் கோப்பையை மட்டும் முன்வைத்துப் பெயர் சொல்வது முற்றிலும் வேறொரு திறன். பின்னதைச் சோதிக்க வேண்டுமானால் ஒருமுறை சரியாகச் சொன்னது போதாது. உணவுத் துறையினர் பயன்படுத்தும் முக்கோணச் சோதனை இதற்கு நல்ல தொடக்கம்: மூன்று கோப்பைகளில் இரண்டில் ஒரே ஒயினும் ஒன்றில் வேறு ஒயினும் ஊற்றி, வேறுபட்டதைக் கண்டுபிடிக்கச் சொல்வது. கண்ணை மூடிக்கொண்டு கை காட்டினாலே மூன்றில் ஒரு முறை சரியாக அமைந்துவிடும் என்பதால், பன்னிரண்டு சுற்றுகளில் குறைந்தது எட்டையாவது சரியாகச் சொன்னால்தான் அது தற்செயல் அல்ல என்று ஓரளவு துணிந்து கூறலாம். ஏழு சரி என்றால்கூட அந்தத் துணிவுக்கு இடமில்லை. இந்தச் சோதனையில் தேறியவருக்கும் வேறுபாடு தெரிகிறது என்றுதான் பொருள். பெயர் தெரிகிறது என்பதற்கு இன்னொரு சோதனை வேண்டும். அதற்கான ஒயின்களும் ஒரே வெப்பநிலையில், ஒரே அளவு இனிப்பில், கலப்பில்லாத தொட்டிகளிலிருந்து வந்தவையாக இருக்க வேண்டும். இத்தனை ஏற்பாடும் ஒரு மாலைநேரக் கேளிக்கைக்கு மிகை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கேளிக்கையாக எழுதியிருந்தால் இந்தக் கடிதத்துக்கும் அவசியம் நேர்ந்திராது. கட்டுரை அதை ஒரு நிரூபணமாக முன்வைத்ததால்தான் எழுத நேர்ந்தது.

உண்மையில் ரகத்தைத் துணிந்து சொல்லக்கூடிய இடம் கொடிதான். பூவைப் பார்த்தால் தன்மகரந்தச் சேர்க்கை கொண்டதா இல்லையா என்பது தெரியும்; பழத்தின் நிறம், பருமன், காம்பு கழன்ற வடு, பழுக்கும் காலம் ஆகியவை மேலும் சொல்லும்; ஐயம் எஞ்சினால் இலையிலிருந்து எடுத்த மரபணு மாதிரி தீர்த்துவைக்கும். ரோனோக் தீவில் 'தாய்க்கொடி' என்று போற்றப்படும், நானூறு ஆண்டுப் பழமை சொல்லப்படும் ஸ்கப்பர்நாங் கொடியின் கீழ் நின்று, உதிர்ந்த பழம் ஒன்றை எடுத்துத் தோலைக் கிழித்துச் சதையை உறிஞ்சியவருக்கு, அந்த ரகத்தைப் பற்றி எந்த லேபிளும் புதிதாகச் சொல்லித்தரப் போவதில்லை.

ஆகவே தங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள். மஸ்கடைனும் மஸ்கட்டும் வேறு வேறு இனங்கள் என்பதையும், அமெரிக்க ஒயின் லேபிளில் 'ஸ்கப்பர்நாங்' என்பது வெண்கல நிற மஸ்கடைன்களின் பொதுப்பெயர் என்பதையும் ஒரு திருத்தக் குறிப்பாக வெளியிட வேண்டுகிறேன். கட்டுரையாளருக்கு இயலுமானால், அந்த மாலை திறக்கப்பட்ட பாட்டிலின் தயாரிப்பாளரிடம் அது எந்த ரகத்தில், எந்த விகிதத்தில் செய்யப்பட்டது என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். ஆலைகளின் தொட்டிப் பதிவேட்டில் அந்த விவரம் இருக்க வாய்ப்புண்டு. பழைய ஸ்கப்பர்நாங் கொடியின் பழமே முழுவதும் என்று பதில் வந்தால், சுவைத்த அந்த நண்பருக்கு இரண்டாவது கைதட்டலையும் நானே முதலில் தொடங்கிவைப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ராலே, வட கரோலினா